டீச்சரம்மாவின் மாதிரிக் கடிதம்

ஒரு பள்ளிக்கூடத்தின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள அதன் உள்ளே போகத் தேவையில்லை. பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் போதும். நான் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சாந்தோம் கோவிலுக்கும் கச்சேரி ரோட்டுக்கும் நடுவே ஒரு சந்து. சந்து முனையில் பெண்கள் பள்ளிக்கூடம். அதன் மதில் முடிகிற இடத்திலிருந்து மூன்றாவது வீட்டின் முன்னறையில் என் கடை. மெஹபூப் பாஷா என்கிற முழுப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு நான் பாய்.

என் மிஷினின் கண்ணாடிமேல் என்னென்னவோ வந்து படுத்திருக்கிறது. அப்பன் வரைந்த இதயம், அம்மா எழுதிய 'நான் கண்ட கடற்கரை', மாமன் ஒட்டிய மழைநீர் சேகரிப்பு. பிள்ளை பக்கத்தில் நின்று மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும். "ஸ்பைரல் பைண்டிங் போட்டுடுங்க பாய், மிஸ்ஸு கேட்டாங்க" என்று அப்பன் சொல்வான், ஏதோ அவனுக்கே நாளைக்குப் பரீட்சை மாதிரி. டீச்சர்களும் அந்த அப்பன்களின் கைத்திறமைக்குப் பத்துக்குப் பத்து போடுவார்கள். இதில் ஏமாறுகிறவர் யாரும் கிடையாது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இதற்குப் பெயர் படிப்பு.

என் கடைக்கு மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரர் வில்லியமும் அவர் சம்சாரம் டெல்பினும் மகள் நோராவும். வில்லியமுக்கு மவுண்ட் ரோட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோவில் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். வீட்டுக்குள் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. வாயில்லாப் பூச்சி. டெல்பின் அதே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவர்கள் வீட்டில் தாத்தா வாத்தியார், அப்பா ஹெட்மாஸ்டர், அத்தைகள் இரண்டு பேர் கன்னியாஸ்திரி டீச்சர்கள். பாடம் நடத்துவது அந்த அம்மாவுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. மீன் வாங்கும்போதுகூட மீன்காரியைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித் திருத்துவார்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பேனர் உண்டு. 'தொடர்ந்து ஏழாம் ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி' என்று தங்க எழுத்து. கீழே வரிசையாகப் பெண் பிள்ளைகளின் போட்டோ. ஓரத்தில், தேர்ச்சிக் குழுப் பொறுப்பாளர் என்று டெல்பின் டீச்சரின் போட்டோ. நூறு சதவீதத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. எழுதுகிற எல்லாரையும் பாஸ் ஆக்குவது ஒரு வழி. பாஸ் ஆகிறவர்களை மட்டும் எழுதவிடுவது இன்னொரு வழி. முதல் வழிக்கு முதுகு ஒடிய வேலை செய்ய வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஜெராக்ஸ் போதும்.

அந்த ஜெராக்ஸை ஒவ்வொரு வருஷமும் நான்தான் போட்டேன். ஒன்பதாவதில் தேறாது என்று தோன்றும் பெண்களின் தாய் தகப்பனை வரச்சொல்லி, டி.சி. கேட்டு அவர்களே கடிதம் எழுதித் தருகிற மாதிரி செய்வார்கள். அந்த ஜனங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை அல்லவா? அதனால் டெல்பின் டீச்சர் தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து எழுத வேண்டியதுதான். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, எனது சொந்த விருப்பத்தின் பேரில், எனது மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை.' மகள் பெயர் வருகிற இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக விட்டிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பட்டினப்பாக்கத்து மீன்காரி சுந்தரவல்லி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். எங்கள் சந்தில் மீன் போடுகிறவள் அவள்தான். அவள் மகள் லாவண்யா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. கல்லாப் பக்கத்தில் நின்று என் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மூன்றாவது வகுப்போடு நின்றவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி ஏறுகிற மாதிரி.

"இது இன்னா பாய் எழுதிகீது?"

"சொந்த விருப்பத்தின் பேரில்."

"யாரு விருப்பம்?"

"உன்னோடதுதான்னு போட்டிருக்கு."

"எனுக்கு விருப்பம் இல்லியே பாய். அது பட்ச்சா நல்லதுன்னுதான நா வெயில்ல கூடைய தூக்கினு சுத்தறேன்?"

"எழுதும்மா. டீச்சர் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்."

இதைச் சொன்ன புண்ணியவான் நான்தான். அவள் எழுதினாள். இரண்டு தாள் கெட்டுப்போய் மூன்றாவதில் முடித்தாள். லாவண்யா அதற்கப்புறம் வேறு பள்ளிக்கூடம் எதற்கும் போகவில்லை. இப்போது தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு புடவைக் கடையில் காலை பத்திலிருந்து நின்றுகொண்டு புடவை மடிக்கிறாள். உட்கார ஸ்டூல் கிடையாது. சுந்தரவல்லி இதையெல்லாம் ஒரு குறையாகச் சொன்னதில்லை. டீச்சரம்மா படித்தவர், தெரியாமல் செய்வாரா என்று நினைத்துக்கொண்டு அதே மாடி வீட்டுக்குச் சங்கரா மீனை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். போன ஜூனில் நோரா ஒன்பதாவதுக்கு வந்தாள்.

நோரா கெட்ட பெண் இல்லை. முரடு இல்லை, பொய் இல்லை, போன் பைத்தியம்கூடப் பெரிதாக இல்லை. படிப்பு என்றால் மட்டும், பஸ் ஸ்டாண்டில் வேறு ஊர் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். அவள் நோட்டுகளோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஏனென்றால் அவற்றை எழுதுவது டெல்பின். எல்.கே.ஜி.யில் பிள்ளைக்குக் கை வலிக்கும் என்று ஆரம்பித்த உதவி. 'டீச்சர் பொண்ணு நோட்டு இப்படியா' என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் மகளின் கையெழுத்தைப் பழகி, வலது பக்கம் லேசாகச் சாய்த்து, 'ழ'வுக்கு ஒரு சுழி கூடப் போட்டு, பத்து வருஷமாக வீட்டுப்பாடம் முழுக்க அந்த அம்மாவே எழுதி, அடுத்த நாள் சிவப்பு மையில் அதற்கு 'வெரி குட்' போட்டு வந்தார். பரீட்சைத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே. காலாண்டில் அறிவியல் பதினாலு மார்க்.

அன்றிலிருந்து மாடியில் போர் ஆரம்பமானது. முதலில் டைம்டேபிள். காலை நாலரை மணிக்குத் தொடங்கி, பல் தேய்க்கக்கூட ஏழு நிமிஷம் ஒதுக்கி, ஐந்து கலரில் வந்தது. ஏ3 சைசில் மூன்று காப்பி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் மயிலாப்பூரில் கணக்கு டியூஷன், அடையாறில் அறிவியல் டியூஷன். அறிவியல் டீச்சரின் பெண்ணுக்கு அறிவியல் டியூஷன் என்பது வெளியே தெரியக்கூடாது என்றுதான் அடையாறு. அப்புறம் ஞாபக சக்திக்கு ஒரு லேகியம். ஸ்டார் ஸ்டிக்கர். ஒரு பக்கம் படித்தால் ஒரு ஸ்டார், இருபது ஸ்டாருக்கு ஒரு ஐஸ்கிரீம். மூன்று வயசுப் பிள்ளைக்குச் செய்வதைப் பதினாலு வயசுக்குச் செய்தார்கள். நோரா ஸ்டிக்கர்களை எல்லாம் ஒரே நாளில் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தாள்.

தி.நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் 'உனக்குள் ஒரு சிங்கம்' என்று ஊக்க முகாம் நடந்தது. கோட்டு போட்டு, காதில் மைக் மாட்டிய ஓர் ஆள், விளக்கை அணைத்து, சோகமான மியூசிக் போட்டு, 'உன் அம்மாவின் வெடித்த பாதங்களை நினைத்துப் பார்' என்று பிள்ளைகளைக் கூட்டமாக அழவைத்தானாம். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கர்ஜிக்க வேண்டுமாம். அங்கே போய்விட்டு வந்த நோராவைக் கேட்டேன்.

"இன்னா பாப்பா, சிங்கம் வந்துச்சா?"

"ஏசி நல்லா இருந்துச்சு அங்கிள்."

"அழுதியா?"

"அம்மா அழுதாங்க. எனக்குப் பசிச்சிச்சு."

"ஏன் பாப்பா, படிச்சாத்தான் என்னவாம்?"

அவள் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "அதான் அம்மா படிக்கிறாங்களே அங்கிள்."

அரையாண்டில் பதினொன்று வந்தது.

ஜனவரி கடைசியில் என் மிஷின் படுத்துவிட்டது. காப்பியில் குறுக்கே கறுப்புக் கோடு. மெக்கானிக் வைரவன் வந்து மேல் கண்ணாடியைக் கழற்றினான். டியூஷனுக்குக் கிளம்பிய நோரா வாசலில் நின்றவள், அப்படியே உள்ளே வந்துவிட்டாள். உள்ளே நீளமாக ஒரு விளக்கு, பட்டை பட்டையாக மூன்று கண்ணாடி, நடுவில் ஒரு லென்ஸ்.

"இத்தனை கண்ணாடி எதுக்கு?" என்றாள்.

"வெளிச்சம் இப்படிக்கா அடிச்சி, அப்படிக்கா திரும்பி, லென்சு வழியா போவும் பாப்பா" என்றான் வைரவன், துணியால் துடைத்துக்கொண்டே.

"கண்ணாடியில பாத்தா எழுத்து திரும்பில்ல தெரியும்? காப்பியில மட்டும் எப்படி நேரா வருது?"

வைரவன் துடைப்பதை நிறுத்தினான். "பதினாறு வருசமா கழட்டி மாட்டிகினு கீறேன், இத்த நா யோசிச்சதே இல்ல. எனுக்குத் தூசி தொடைக்கத்தான் தெரியும் பாப்பா. நீயே யோசி."

அந்த ஆள் செய்த பெரிய உதவி அதுதான். தெரியாது என்று சொன்னான். அந்தப் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் பெரிய மனுஷன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

நோரா அன்று டியூஷன் போகவில்லை. என் கல்லாவுக்குக் கீழே கெட்டுப்போன காப்பிகள் ஓர் அட்டைப் பெட்டியில் கிடக்கும். அவற்றின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தாள். விளக்கு, கண்ணாடி, ஓர் 'F' எழுத்து. கோடு கோணல். அடித்தாள். இன்னொரு தாள். என் ஷேவிங் கண்ணாடியை எடுத்து வந்து மேஜைமேல் நிறுத்தி, பக்கத்தில் இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள். அடுத்த நாளும் வந்தாள். அறிவியல் புத்தகத்தைத் திறந்து ஒளி பாடத்தைத் தேடி, விரல் வைத்துப் படித்தாள். யாரும் ஸ்டிக்கர் தரவில்லை. நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அது ஆறிப்போனது. நாலாவது நாள், ஏழாவது தாளில், எழுத்து நேராக வந்து விழுந்தது. சரியோ தப்போ எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றியது. ஏழு தாளையும் சேர்த்துப் பின் அடித்து, "உங்க டிராயர்ல வெச்சிக்குங்க அங்கிள்" என்றாள்.

அந்த டிராயரை நான் பூட்டியிருக்க வேண்டும். மறுநாள் டெல்பின் டீச்சர் ஸ்டேப்ளர் தேடித் திறந்தார்.

"என்ன பாய் இது? யாரு கிறுக்கினது?"

"நம்ம நோராதான் டீச்சர். நாலு நாளா தானா உக்காந்து—"

"நோராவா?" முகம் மலர்ந்தது. அதை நான் மறைக்க மாட்டேன், ஒரு நிமிஷம் அந்த அம்மா தாயாகத்தான் இருந்தார். அடுத்த நிமிஷம் தாளைத் தூரப்பிடித்து, கண்ணைச் சுருக்கினார். "கதிருக்கு அம்புக்குறி இல்ல. ஸ்கேல் வெக்கல. குப்பைப் பேப்பர்ல போட்டிருக்கா பாருங்க. கொண்டாங்க, நான் ஃபேர் பண்ணிடறேன்."

அடுத்த நாள் காலை அறிவியல் நோட்டோடு வந்தார். ஸ்கேல் வைத்து, மூன்று கலரில், சாய்ந்த கையெழுத்தில், 'ழ'வுக்கு ஒரு சுழி கூடப் போட்டு. "பாருங்க பாய், நோரா எவ்ளோ அழகா போட்டிருக்கா! ஹெச்.எம். கிட்ட காட்டணும், ரெண்டு காப்பி போடுங்க."

"அந்த ஏழு தாளு எங்க டீச்சர்?"

"எது, அந்தக் கிறுக்கலா? கிழிச்சுப் போட்டுட்டேன்."

பொய் சொல்கிறவர்களை நான் பொறுத்துக்கொள்வேன். கடை வைத்திருக்கிறவனுக்கு வேறு வழியில்லை. தன் பொய்யைத் தானே நம்பி அதற்குக் காப்பி வேறு எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அன்று சாயங்காலம் நோரா வந்து டிராயரைத் திறந்து பார்த்தாள். மூடிவிட்டு வெளியே போனாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் கடைக்குள் கால் வைக்கவில்லை. டியூஷனுக்குப் போனாள், வந்தாள், டைம்டேபிள்படி பல் தேய்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. மாடியில் கறி நின்று, வெள்ளிக்கிழமைதோறும் மீன். சுந்தரவல்லி சாயங்காலம் என் கடைப் படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்காருவாள். வெயில் சந்தில் அனலாகத் தேங்கி நிற்கும். மூன்று மணிக்கு மேல்தான் கடல்காற்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

முழுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டியல் தயாராகிவிட்டது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே ஃபெயில். திங்கட்கிழமை பெற்றோரை வரச்சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்பின் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். கையில் பெயர்ப் பட்டியலும், அந்தப் பழைய மாதிரிக் கடிதமும். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக.

"பாய், இது காப்பி வேணும். ஒவ்வொண்ணா மடிச்சு கவர்ல போட்டு ஒட்டி, லிஸ்ட்ட பாத்து மேல பேர் எழுதிடுங்க. ஒருத்தருது ஒருத்தர் பாக்கக்கூடாது."

"எத்தனை டீச்சர்?"

"பன்னண்டு." அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "இல்ல, பதினொண்ணு."

எனக்குப் புரிந்துவிட்டது. அதே சமயம் வில்லியமும் ஆபீசிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தினார். டெல்பின் அடக்க முடியாமல் அங்கேயே ஆரம்பித்தார்.

"ஹெச்.எம். கூப்டு சொல்லிட்டாங்க. நம்ம நோரா பேரும் லிஸ்ட்ல இருக்கு. நீங்கதான் கமிட்டி, நீங்க முதல்ல லெட்டர் குடுத்தாத்தான் மத்தவங்க பேச மாட்டாங்கன்றாங்க. என் லெட்டரையே என் கையில குடுக்கறாங்க வில்லியம். பதினஞ்சு வருஷம் அந்த ஸ்கூலுக்கு உழைச்சிருக்கேன்."

"குடுத்துட்டு வேற ஸ்கூல் பாக்கலாமா?" என்றார் வில்லியம்.

"என்ன பேசறீங்க? ஒன்பதாவதுல வெளிய அனுப்பின பொண்ண பத்தாவதுக்கு எவன் சேத்துப்பான்? அவ வாழ்க்கையே போயிடும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானித்தார். "நாம எதுவும் எழுதித் தரப் போறதில்ல. லெட்டர் இல்லாம அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. டி.சி. குடுக்கறதுக்கு நாம கேட்டு எழுதணும். எழுதலேன்னா வெச்சிக்கிட்டுத்தான் ஆகணும். எனக்குத் தெரியாதா?"

படியில் செதில் சுரண்டுகிற சத்தம் நின்றது.

சுந்தரவல்லி அங்கே உட்கார்ந்திருந்ததை டீச்சர் கவனிக்கவில்லை. அவர்கள் எப்போதும் கவனிப்பதில்லை. அவள் கையில் பாதி ஆய்ந்த சங்கரா. தலையைத் தூக்கி மெதுவாகக் கேட்டாள்.

"யம்மா. அன்னிக்கி நானு எழுதலேன்னா?"

டெல்பின் திரும்பினார்.

"நா எழுதாம ஊட்டுக்குப் போயிருந்தா, எம் பொண்ண அவங்க ஒண்ணும் பண்ணிகிட முடியாதா?"

"அது வேற சுந்தரவல்லி. லாவண்யா கேஸ் வேற. அவளுக்குப் படிப்புல இன்ட்ரஸ்ட்டே இல்ல..."

"உம் பொண்ணுக்கு மட்டும் இன்ட்ரஸ்ட்டு கீதா?"

வில்லியம் சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டு நின்றார். நான் என் பங்குக்கு மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எழுதும்மா' என்று சொன்னவன் நான். அந்த நிமிஷத்தில் அங்கே இருந்த படித்தவர்கள் அத்தனை பேரும் காறித் துப்பக்கூட லாயக்கில்லாதவர்கள், நான் உட்பட.

"எம் பொண்ணு அன்னிக்கி ஊட்டுல கேட்டுச்சி. 'ஏம்மா, நீயே எழுதிக் குட்த்துட்டியா'ன்னு கேட்டுச்சி. எங்கையெழுத்த பாத்துட்டு ரெண்டு நாளு எங்கூட பேசல. டீச்சரம்மா சொன்னா நல்லதுக்குதான் சொல்லும்னு அதுகிட்ட சண்ட போட்டேம்மா நானு."

மிச்ச மீனைச் சுரண்டி, செவுள் எடுத்து, வயிற்றைக் கீறி, இரண்டு தண்ணீரில் கழுவினாள். ஏனத்தில் போட்டு டெல்பின் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, எத்துகினு போ. உங்க நோம்பு நாளு. வெறும் வயித்தோட படுக்காத."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனாள். டெல்பின் ஏனத்தைத் தொடவில்லை. வில்லியம்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மாடி ஏறினார்கள். படியின் திருப்பத்தில் நோரா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது. அவர்களுக்கு வழிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இதற்குப் பிறகாவது அந்த அம்மா கடிதத்தைக் கிழித்துப்போடும் என்று நான் நினைத்தேன். அரை மணி கழித்து மாடியிலிருந்து குரல் வந்தது.

"பாய்! அந்தப் பதினொண்ணு ரெடியா? நோராவ அனுப்பறேன்."

தன் பெண் தப்பித்தாயிற்று. மற்ற பதினொரு பேரின் சொந்த விருப்பம் அப்படியே இருக்கிறது. இனி அந்த மனுஷியைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

நோரா இறங்கி வந்தாள். இரண்டு மாதத்துக்கப்புறம் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காப்பிகள் சூடாக இருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், விரல் வைத்து.

"இத எழுதலேன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அம்மா சொன்னாங்கல்ல, அங்கிள்?"

"சொன்னாங்க."

"இவங்களுக்கு அது தெரியுமா? இந்தப் பதினொரு பேருக்கு?"

"யாரு சொல்லுவா பாப்பா?"

கையை நீட்டினாள். "பேனா குடுங்க."

கொடுத்தேன். தாளை மேஜைமேல் வைத்து, நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, கடிதத்தின் அடியில் எழுத ஆரம்பித்தாள். அவளுடைய சொந்தக் கையெழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாய்வும் இல்லை, சுழியும் இல்லை. நண்டு ஊர்ந்த மாதிரி, பெரிசும் சிறிசுமாக. 'இதை நீங்கள் எழுதித் தர வேண்டாம். எழுதித் தராவிட்டால் உங்கள் பெண்ணை வெளியே அனுப்ப முடியாது. இது உண்மை.' ஓர் இடத்தில் அடித்து மேலே திருத்தினாள். ஒரு தாளுக்கே ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டாவது தாளை இழுத்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "கை வலிக்கும் பாப்பா. ஒண்ணுல எழுதிட்டல்ல? குடு, மீதிய மிஷின் பாத்துக்கும். ஒரு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

"வேணாம் அங்கிள். நானே எழுதறேன்."

நான் மிஷினை அணைத்துவிட்டேன். அவள் எழுதினாள். வெளியே விளக்குக் கம்பம் எரிய ஆரம்பித்தது. கோவில் மணி அடித்தது. ஏழாவது தாளில் கையை உதறிக்கொண்டாள், எட்டாவதில் எழுத்து கொஞ்சம் நேராக வந்தது. மாடியிலிருந்து, "நோரா, ஒரு கவர் வாங்கிட்டு வர இவ்ளோ நேரமா?" என்று குரல் வந்தது. "வேலை இருக்கும்மா" என்று தலையைத் தூக்காமலே சொன்னாள்.

பதினொன்றும் முடிந்தது. நான் மடித்துக் கொடுக்கக் கொடுக்க அவள் கவரில் போட்டு, பசை தடவி, அழுத்தி ஒட்டினாள். ஒவ்வொரு கவர்மேலும் பெயரைப் பட்டியல் பார்த்து எழுதினாள். கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கதவு திறந்திருந்ததால் பேச்சு கீழே கேட்டது.

"எல்லாம் ஒட்டியாச்சா? பேர் எல்லாம் எழுதியாச்சா? யார் எழுதினது, பாயா?"

"நான்தான்."

"பரவால்லியே. பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான் ஒரு வேலைய முழுசா முடிச்சிருக்க. திங்கக்கிழம நானே என் கையால எல்லாருக்கும் குடுத்துடறேன். பைக்குள்ள வை."

"வெச்சிட்டேன்மா" என்றாள் நோரா.